சவரக்கத்தி புராணம்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. ஆணி அதிகமா இருக்கிறவங்க ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறமா வந்து படிக்கலாம். ரத்தம் வராதுன்னு உத்தரவாதம் தர்றேன் :)

சத்திய சோதனையில் காந்தி போகிற போக்கில் ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போவார். இங்கிலாந்துக்குப் போகும் இந்தியன் வேறு எதைக் கற்றுக்கொள்கிறானோ இல்லையோ, தனக்குத்தானே சவரம் செய்துகொள்ளக் கற்றுக்கொள்கிறான் என்பது மாதிரி. படிக்கும்போது சிரிச்சுட்டு அடுத்த பக்கம் போயிடுவோம். ஆனா கொஞ்சம் நின்னு பார்த்தா இது பெரிய மேட்டர். மனுஷர் 1888-ல் கப்பல் ஏறி 1891-ல் பாரிஸ்டராகத் திரும்பியவர். சட்டம் படிக்கக் கடல் கடந்து போன இடத்தில் சவரமும் ஒரு பாடமாக இருந்திருக்கிறது என்றால், இங்கே அது வசதியான வீட்டு ஆம்பளைங்க யாரும் தன் கையால் செய்யாத வேலையாக இருந்தது என்றுதான் அர்த்தம்.

அவ்வளவு தூரம் போவானேன். எங்க தாத்தா கடைசி வரைக்கும் தன் முகத்தில் தானே கத்தி வச்சதில்லை. வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்குப் பின்னாடி வேப்பமரத்தடியில் பலகை போட்டு உட்காருவார். ஒருத்தர் வருவார். முன்பக்கமாக வரமாட்டார். உங்க தாத்தாவும் அப்படித்தான் இருந்திருப்பார், கேட்டுப் பாருங்க. 'தினமும் காலையில் கண்ணாடி முன்னாடி நின்னு சவரம் பண்ணிக்கிறது' என்பது நம்ம ஊரில் ரெண்டு மூணு தலைமுறைப் பழக்கம்தான். மழித்தல் என்ற சொல் குறளிலேயே இருக்கு. ஆனா மழிக்கிற கை வேற ஒருத்தரோடது.

சரி, இந்த ஆராய்ச்சி திடீர்னு எதுக்குன்னு கேப்பீங்க. எட்டு மாசமா நான் சவரக்கத்தியில் சவரம் பண்ணக் கத்துக்கிட்டு இருக்கேன். பாதி பிளேடு மாட்டுற சலூன் கத்தி இல்லை. முழுசா ஒரே இரும்பில் செஞ்ச, மடக்கி வைக்கிற, பழைய கத்தி. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சுட்டு பொட்டி தட்டுறவனுக்குக் கையால் எதையாவது செய்யணும்னு ஒரு அரிப்பு இருக்கும்ல, அதுதான் ஆரம்பம். இணையத்தில் வீடியோவுக்குப் பஞ்சமில்லை, எல்லாம் வெள்ளைக்காரங்க. ஒருத்தர் தாடியைத் தடவிக்கிட்டே 'இது ஒரு தியானம்' அப்படிங்கிறார். எனக்கு தியானம் வேணாம், மோவாக்கட்டை ஓரத்தில் கத்தியை எப்படித் திருப்புறதுன்னு சொல்லுங்கய்யான்னு தேடினேன். கடைசியில் விடை ஊரப்பாக்கம் ஸ்டேஷன் ரோட்டிலேயே இருந்தது.

அங்கே ஒரு சின்ன சலூன். ரெண்டு நாற்காலி, ஒரு தினத்தந்தி, சுவரில் மூணு சாமி, ஒரு எம்.ஜி.ஆர். கடை நடத்துறவரோட அப்பா எழுபதைத் தாண்டினவர், சாயங்காலம் வந்து பெஞ்சில் உட்காருவார். பேர் வேண்டாம், ஐயா என்றே சொல்றேன். நான் கத்தியை எடுத்துக் காட்டினதும் வாங்கி, விரிச்சு, நகத்தில் லேசா வச்சுப் பார்த்துட்டு, "இது இன்னும் கத்தி ஆகலை தம்பி"ன்னார். புதுசா வாங்கின கத்தி பெரும்பாலும் அப்படித்தான் வரும், கல்லில் தீட்டி வார்ல இழுத்த பிறகுதான் சவரத்துக்கு ஆகும் என்பதெல்லாம் அப்புறம் புரிஞ்சது.

அவர்கிட்ட நான் கத்துக்கிட்டதைச் சுருக்கமா சொல்லிடறேன், யாராவது முயற்சி பண்ண நினைச்சா உதவும். முதல் ஒரு மாசம் முகத்துக்கே போகவிடலை. வாரில் இழுக்க மட்டும்தான். தோல்வாரை ஒரு முனையில் கட்டி இழுத்துப் பிடிச்சுக்கணும். கத்தியைப் படுக்கையா வச்சு, முதுகு முன்னே போக, முனை பின்னாலே வர இழுக்கணும். கோடியில் திருப்பும்போது முதுகை வாரிலிருந்து எடுக்காம முதுகின் மேலேயே புரட்டணும். முனையைச் சுத்தித் திருப்பினா வார் கிழியும், கத்தியும் மொண்ணையாகும். முப்பது தடவை போய் வரணும். அழுத்தவே கூடாது. முகத்துக்கு வந்தப்புறம் முதலில் கன்னம் மட்டும், அதுவும் மயிர் சாயுற பக்கமாவே. கத்தி முகத்தோட ஏறக்குறைய முப்பது டிகிரி சாய்வில் இருக்கணும். அதைவிட நிமிர்ந்தா சுரண்டும், படுத்தா மயிரைப் பிடிச்சு இழுக்கும். நிஜமான வேலை வலது கைக்கு இல்லை, இடது கைக்குத்தான். தோலை இழுத்துப் பிடிக்கத் தெரியலைன்னா எவ்வளவு நல்ல கத்தியும் வீண். உதட்டுக்கு மேலேயும் மோவாயும் கடைசிப் பாடம். பக்கத்திலேயே படிகாரக் கட்டி இருக்கணும்.

"நீங்க எப்படிங்கய்யா கத்துக்கிட்டீங்க?"ன்னு ஒருநாள் கேட்டேன்.

"எங்கப்பா அவர் மூஞ்சியக் குடுத்தார் தம்பி. பன்னெண்டு வயசு எனக்கு. கண்ணை மூடிக்கிட்டு உக்காந்தார். ஊராரோட மூஞ்சிய எடுத்தவுடனே தருவாங்களா?"

இந்த வாரில் இழுக்கிற சமாச்சாரத்துக்குப் பின்னாடி விஞ்ஞானம் இருக்கு. மயிர் எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையானது. அப்புறம் எப்படி எஃகு முனை மழுங்குது? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு குழு மின்னணு நுண்ணோக்கிக்குள்ளேயே பிளேடால் மயிரை வெட்ட வச்சுப் பார்த்து, 2020-ல் சயன்ஸ் இதழில் எழுதினாங்க. முனை மெல்ல மெல்லத் தேயறதில்லையாம். எஃகின் உள்கட்டமைப்பு ஒரே சீரா இல்லாத இடத்தில், மயிர் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வந்து முட்டினா, பொடிப் பொடியாச் சில்லு பேர்ந்து போகுதாம். நான் இதை உற்சாகமா ஐயாகிட்ட விளக்கினேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அதான் மொதல்ல வெந்நி வச்சு ஊற வைக்கிறது"ன்னார். அத்தோட முடிஞ்சது என் லெக்சர்.

ஒருநாள் அவர் அடைப்பத்தைக் கொண்டுவந்து காட்டினார். அடைப்பம் தெரியும்ல? சவரச் சாமான் வைக்கிற பை. அகராதியில் வெற்றிலைப் பைக்கும் இதே பேர் போட்டிருக்கும். உள்ளே ரெண்டு கத்தி, ஒரு கல், நகம் வெட்டுற சின்ன உளி, கிண்ணி, முகம் பார்க்கிற கண்ணாடி. அதோட கூட, சவரத்துக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி, மெல்லிசா கூரா ஒரு சின்னக் கத்தி. "கட்டி கீற." அவங்க அப்பா மதுராந்தகம் பக்கத்தில் ஒரு ஊரில் சவரத்தோட கட்டி கீறுவார், புண்ணுக்கு மருந்து கட்டுவார். அவங்க ஆயா அந்த ஊருக்கே மருத்துவச்சி. "இந்த ஊர்ல பாதிப் பேரை எங்காயாதான் மொதல்ல தொட்டுச்சு"ன்னு சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமையை இங்கே எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியலை.

இது அவர் வீட்டுக் கதை மட்டும் இல்லை. சென்னை அருங்காட்சியகத்தில் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி வெளியிட்டாரே, அதிலும் இந்தச் சமூகத்தின் ஆண்கள் சவரத்தோட வைத்தியமும் அறுவையும் பார்ப்பதையும், பெண்கள் பிரசவம் பார்ப்பதையும் குறிச்சு வச்சிருக்கார். தர்ஸ்டனே வேண்டாம், பேர்களே போதும். மருத்துவர். பண்டிதர். தெற்கே, ஈழத்திலும்கூட, பரியாரி. பரிகாரம் பண்றவர்னு பொருள். தமிழ்நாடு அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இந்தச் சமூகத்துக்கு இருக்கும் பெயர்களில் ஒன்று பிராணோபகாரி. உயிருக்கு உபகாரம் செய்கிறவர்! கொங்குப் பக்கம் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுறவர் குடிமகன் என்று அழைக்கப்படும் இதே நாவிதர்தான். அவர் பாடலைன்னா கல்யாணம் நிறைவாகாது.

ஐரோப்பாவிலும் கதை இப்படித்தான் தொடங்குது. லண்டனில் 1540-ல் எட்டாம் ஹென்றி காலத்தில் நாவிதர்களும் அறுவை வைத்தியர்களும் ஒரே சங்கமாக்கப்பட்டாங்க. 1745-ல் பிரிஞ்சாங்க. பிரிஞ்ச அறுவைக்காரர்கள் வளர்ந்து வளர்ந்து சர்ஜன் ஆகிட்டாங்க. இங்கே? 1835-ல் சென்னையில் மருத்துவப் பள்ளி வந்தது, பின்னாடி அதுவே எம்.எம்.சி. ஆனது. ஆனா அடைப்பத்திலிருந்து அந்தப் பள்ளிக்கு யாரும் படிக்கட்டு கட்டலை. கட்டி கீறும் கத்தி ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சு, சவரக்கத்தி மட்டும் இவங்க கையில் தங்கிடுச்சு. 'மருத்துவர்' என்கிற பேரும் தங்கிடுச்சு, வேலை இல்லாத பட்டம் மாதிரி.

மறுபடி அந்த அடைப்பத்துக்கு வர்றேன். ரெண்டு கத்தியில் ஒன்று அவங்க அப்பாவோடது. கைப்பிடி கொம்பு. கத்தியின் கழுத்துப் பகுதியில் தேய்ஞ்சு போன எழுத்து, செல்போன் வெளிச்சத்தில் சாய்ச்சுப் பார்த்தா இங்கிலீஷில் ஷெஃபீல்டுன்னு தெரிஞ்சது. ஷெஃபீல்டு என்றால் இங்கிலாந்தின் கத்தி ஊர். நம்ம திண்டுக்கல் பூட்டு மாதிரி அவங்களுக்கு ஷெஃபீல்டு கத்தி. அப்புறம் ஜெர்மனியின் சோலிங்கன் வந்து போட்டி போட்டது, அது தனிக்கதை. மதுராந்தகத்து நாவிதர் கையில் ஷெஃபீல்டு கத்தின்னதும் எனக்குள்ள இருந்த மெக்கானிக்கல்காரன் முழிச்சுக்கிட்டான். ஏன்னா ஷெஃபீல்டு எஃகின் கதைக்குள்ள நம்ம சேலம் இருக்கு.

சவரக்கத்திக்கு வேணும்கிற எஃகு சாதா இரும்பு இல்லை. நல்ல கடினம் வேணும், ஆனா கண்ணாடி மாதிரி உடையவும் கூடாது. இந்த எஃகை நம்மாளுங்க களிமண் மூசையில் செஞ்சாங்க. தேனிரும்புத் துண்டோட காய்ஞ்ச ஆவாரங்கட்டையைப் போட்டு, மேலே எருக்கிலை மூடி, வாயை மண்ணால் அடைச்சு, துருத்தி ஊதி உருக்கினா, கட்டையின் கரி இரும்புக்குள்ள ஏறும். உடைச்சு எடுத்தா உருக்கு. ஊட்ஸ் என்று வெள்ளைக்காரன் வாயில் விழுந்த சொல் இந்த உருக்கோ, கன்னடத்து உக்குவோதான் என்பார்கள். கொடுமணலில் இரும்பு, எஃகு வேலை நடந்த உலைத் தடயங்கள் கிடைச்சிருக்கு. விழுப்புரம் பக்கம் மேல்சிறுவலூரில் மூசை எஃகு செய்த இடத்தை சாரதா சீனிவாசன் ஆய்வு செய்து எழுதியிருக்கார்.

1790-களில் இந்த எஃகுக் கட்டிகள் பம்பாயிலிருந்து லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போச்சு. 1795-ல் ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ஞ்சு கட்டுரை வாசிச்சார். லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்று ஒரு கத்திக்காரர். அறுவைக் கருவியும் சவரக்கத்தியும் செய்யறவர். அவர் தன் கடை விளம்பரச் சீட்டிலேயே, இந்தியாவின் ஊட்ஸ் எஃகில் செய்றேன், பல வருஷம் சோதிச்சுப் பார்த்து ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இதையே விரும்புறேன் என்ற பொருளில் போட்டுக்கிட்டார். மேட் இன் இந்தியாவுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா! இந்த ஸ்டோடார்ட்டோடு கூட்டுச் சேர்ந்து ஊட்ஸ் மாதிரி எஃகு செய்யப் பார்த்த இன்னொருத்தர் மைக்கேல் ஃபாரடே. ஆமா, நம்ம பிளஸ் டூ இயற்பியல் ஃபாரடேதான். மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடிச்சது 1831. அதுக்கு முன்னாடி, 1819 தொடங்கி சில வருஷம், ஊட்ஸைப் பகுத்துப் பார்த்து, எஃகில் வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் எல்லாம் கலந்து உருக்கிக்கிட்டு இருந்தார். அந்த எஃகில் சவரக்கத்தி செஞ்சு நண்பர்களுக்குப் பரிசாக் கொடுத்தாராம். உலகத்தின் காஸ்ட்லியான கல்யாண கிஃப்ட் :)

அடுத்து வர்றவர்தான் நம்மாளு. ஜோசியா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை உத்தியோகஸ்தர், சேலத்துப் பக்கம் வேலை பார்த்தவர். கஞ்சமலை இரும்புத் தாதுவைப் பார்த்து மயங்கி, உத்தியோகத்தை விட்டுட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை போட்டார். ஆவாரங்கட்டை, எருக்கிலை விவரத்தை எழுதி வச்சதும் இவர்தான். ஆலை தத்தளிச்சுது, அரை நூற்றாண்டுகூடத் தாக்குப்பிடிக்கலை. உலைக்கு வேணும்கிற கரிக்கு விறகு பத்தலை, இறக்குமதி இரும்பு மலிவா வந்துக்கிட்டே இருந்தது. மனுஷர் இங்கிலாந்துக்குப் போய் 1839-ல் ஒரு காப்புரிமை வாங்கினார். உருக்கும்போது மாங்கனீஸ் சேர்த்தா எஃகு நல்லா இணங்கி வரும், இரும்போட ஒட்டும், மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு எடுக்கலாம்னு. ஷெஃபீல்டில் கத்தி எஃகின் விலை மளமளன்னு இறங்குச்சு. ஆனா காசு ஹீத்துக்கு வரலை. அவருடைய ஏஜென்டாக இருந்தவரே அதே வேலையைக் கொஞ்சம் மாத்திச் செஞ்சு காப்புரிமையைத் தாண்டிட்டார். வழக்கு வருஷக்கணக்கா இழுத்து 1855-ல் பிரபுக்கள் சபை வரைக்கும் போய், ஹீத் தரப்பு தோத்தது. தீர்ப்புக்கு முன்னாடியே அவர் செத்துப் போயிட்டார்.

ஐயாவோட அப்பா கத்தி சேலத்து இரும்புன்னு நான் கதை விடப் போறதில்லை. ஷெஃபீல்டுக்காரங்க பெரும்பாலும் ஸ்வீடன் இரும்பைத்தான் வாங்கி உருக்கினாங்க. ஆனா கணக்கைப் பாருங்க. எஃகு செய்யத் தெரிஞ்ச ஊர் மூசையை மூடிட்டு, கத்தியைக் கப்பலில் இறக்குமதி பண்ணிக்கிட்டது. சேலத்து உருக்குக்காரரும் மதுராந்தகத்து மருத்துவரும் ஒரே நூற்றாண்டில் அவங்கவங்க வித்தையில் பாதியை இழந்தாங்க. இதைத்தான் ஹீத் கதையைவிட அதிகமா யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

பாதுகாப்பு ரேஸர் கதை எல்லாருக்கும் தெரியும், வேகமாத் தாண்டிடலாம். 1769-ல் பாரிஸில் பெரே என்ற கத்திக்காரர், ஆண்கள் தாங்களே சவரம் செய்யக் கற்றுக்கொள்வது எப்படின்னு ஒரு புத்தகமே போட்டார். அங்கேயும் அது பிறவி ஞானம் இல்லை பாருங்க! மரத்தடுப்பு வச்ச ஒரு கத்தியும் செஞ்சார். 1904-ல் ஜில்லெட் காப்புரிமை வாங்கினார். முதல் உலகப்போரில் அமெரிக்கப் பட்டாளத்துக்கு 35 லட்சம் ரேஸரும் 3.2 கோடி பிளேடும் போச்சு. திரும்பி வந்த சிப்பாய் யாரும் அப்புறம் பழைய கத்தியைத் தொடலை. நம்ம அப்பாக்கள் காலத்தில் டோபாஸ், செவன் ஓ கிளாக், பாரத் பிளேடு. அவ்ளோதான்.

வீட்டில் சவரம் பண்ணிக்கிறது சிக்கனம், சுத்தம்னு சொல்வாங்க. ஆனா நம்ம ஊரில் அதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு. முடி வெட்டிக்கிட்டு வந்தா கொல்லைப்பக்கமா வரணும், எதையும் தொடக்கூடாது, குளிச்சுட்டுத்தான் உள்ளே. எங்க வீட்டில் இன்னைக்கும் அப்படித்தான். 'மேல மயிர் ஒட்டியிருக்கும்ல'ன்னு அம்மா காரணம் சொல்வாங்க. நான் கத்தியில் சவரம் பண்ண ஆரம்பிச்ச அன்னைக்கு, இதுக்கும் குளிச்சுட்டுத்தான் உள்ளே வரணுமாம்மான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "நீயேதானே பண்ணிக்கிட்ட. அதுக்குத் தீட்டு இல்லைப்பா." அம்மா மேல எனக்குக் கோபம் வரலை. நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு விஷயத்தை ஒரே வரியில் சொல்லிட்டாங்களேன்னு இருந்தது. தீட்டு மயிரில் இல்லையாம், கையில் இருக்காம்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரரும் எல்லாருக்கும் சவரம் செஞ்சிடலை. சேரிக்காரருக்குச் செய்யக்கூடாது, செஞ்சா ஊர் அவரை வச்சிருக்காது. மேலிருந்து மிதிபடுகிறவரை வச்சே கீழே இருக்கிறவரை மிதிக்க வைக்கிற ஏற்பாடு. இதையும் காந்தியே எழுதியிருக்கார். பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளைக்கார முடிதிருத்துபவர் அவருக்கு முடி வெட்ட மறுத்துட்டார். இவர் கருவி வாங்கிட்டு வந்து கண்ணாடி முன்னாடி நின்னு தானே வெட்டிக்கிட்டார். முன்பக்கம் சுமாரா வந்துச்சு, பின்பக்கம் கந்தல். கோர்ட்டில் சகாக்கள், தலையை எலி கடிச்சுதான்னு கேட்டுச் சிரிச்சாங்களாம். ஆனா அந்த முடிதிருத்துபவரை அவர் குறை சொல்லலை. நம்ம ஊர் நாவிதரைத் தீண்டப்படாதவர்களுக்கு வெட்ட நாம் விடுறோமா, அதுக்கான பலன் எனக்கு இங்கே கிடைச்சதுங்கிற தொனியில் முடிச்சிருப்பார்.

1948 நவம்பர் 29 அன்னைக்கு அரசியல் நிர்ணய சபையில், கடைகளில் யாரையும் தடுக்கக்கூடாதுங்கிற பிரிவு விவாதத்துக்கு வந்தப்போ, 'கடை'ன்னா எதெல்லாம் அடங்கும்னு கேள்வி எழுந்தது. அம்பேத்கர் அந்தச் சொல்லை விரிவான அர்த்தத்தில்தான் எடுத்துக்கணும்னு விளக்கினார். உள்ளே வர விடுறது மட்டுமில்லை, காசுக்குச் செய்யுற சேவையும் அதில் அடங்கும். சலூன் நாற்காலி இந்திய அரசியல் சட்டத்துக்குள்ள வந்தது இப்படித்தான். 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து, சேவை மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றம் ஆக்குச்சு. 1976-ல் அதுக்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம்னு பேர் மாத்தினாங்க. ஆனாலும் 2020-களிலும், பட்டியல் சாதி இளைஞருக்கு முடிவெட்ட மறுப்புன்னு தமிழ்நாட்டுச் செய்தி வந்துக்கிட்டுத்தான் இருக்கு.

கத்தி பிடிச்சவங்க தாங்களாவே 'மாட்டோம்'னு சொன்ன ஒரு நாளும் இருக்கு. 1890, பம்பாய். விதவைகளின் தலையை மழிக்கிற வேலையை இனிமே செய்யமாட்டோம்னு நாவிதர்கள் கூடி முடிவெடுத்தாங்க. ஜோதிராவ் புலேவின் சத்தியசோதக் வழியில் வந்த நாராயண் மேகாஜி லோகண்டே அதுக்குப் பின்னாடி இருந்தார். விதவை மொட்டைக்கு எதிரா மேடையில் பேசின படிச்ச சீர்திருத்தக்காரங்க நிறைய. அந்த மொட்டையை அடிக்கிற கையே நின்னது அங்கேதான். பள்ளிக்கூடப் பாடத்தில் எனக்கு இதை யாரும் சொல்லித் தரலை. நாம என்னடான்னா, ஆபீஸில் ஒருத்தன் வேலை செய்யலைன்னா 'என்னத்தச் சிரைக்கிறான்'னு கேக்குறோம். அந்த வேலையைச் சிரமப்பட்டுக் கத்துக்கிட்டு இருக்கிறவன்கிற முறையில் சொல்றேன், அந்தக் கேள்வி கேக்குறவங்க யாரும் ஒரு கன்னத்தைக்கூட முழுசாச் சிரைக்க முடியாது.

சரி, பழைய கத்தி சலூனிலிருந்து எப்போ போச்சு? ஐயாவைக் கேட்டா, "எய்ட்ஸ் வந்தப்ப"ன்னு பட்டுனு சொல்றார். இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது 1986-ல், நம்ம சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் எடுத்த ரத்த மாதிரிகளில். தொண்ணூறுகளில் பயம் சலூன் வரைக்கும் வந்தது. 'புது பிளேடா?'ன்னு கேக்காம யாரும் உட்காரலை. 2000-களின் தொடக்கத்தில் புள்ளிராஜா விளம்பரம் வந்தப்போ உங்களுக்கே ஞாபகம் இருக்கும். உண்மையில் சவரக்கத்தி வழியா எச்.ஐ.வி. பரவுறது ரொம்ப ரொம்ப அபூர்வம். மஞ்சள் காமாலைக் கிருமி, அதாவது ஹெபடைடிஸ் பி, அதைவிடப் பெரிய ஆபத்து. எப்படியோ, ஆளுக்கொரு பிளேடுங்கிறது நல்ல மாற்றம்தான். பிளேடைக் காகிதத்தோட ரெண்டா ஒடிச்சு, பாதியை மாட்டுற கத்தி வந்துடுச்சு. கல்லும் வாரும் பரணுக்குப் போச்சு. "பிளேடு கத்தி பிடிக்க ஒரு வாரம் போதும் தம்பி. இதுக்கு அஞ்சு வருஷம். அஞ்சு வருஷத்தை எவன் கேக்குறான்?"

அவரே சொன்ன கணக்கு இன்னொண்ணு. அவங்க அப்பாவுக்கு ஊரில் காசு கிடையாது. அறுப்பு முடிஞ்சு களத்தில் நெல் அளக்கும்போது போய் நின்னா வீட்டுக்கு இவ்வளவுன்னு போடுவாங்க. அதைச் சம்பளம்னு சொல்லக்கூடாது, 'கொடுக்கிறது'ன்னுதான் சொல்லணும். ஐயா அதைப் பொறுக்காமத்தான் இருபது வயசில் தாம்பரத்துக்கு ரயில் ஏறினார். சலூனில் விலைப்பட்டியல் மாட்டினப்போ ஒரு நாள் முழுக்க அதையே பார்த்துக்கிட்டு இருந்தாராம். ஷேவிங் இவ்வளவு, கட்டிங் இவ்வளவுன்னு. ஜி.எஸ்.டி. ரோடு பூரா மனை விழுந்து நம்மள மாதிரி ஆளுங்க வந்து குடியேறினப்போ ஊரப்பாக்கத்துக்குக் கடையை மாத்தினார். அவர் சொந்தக்காரர் ஒருத்தர் திருப்போரூர் பக்கம் கோயிலில் மொட்டை போடுற வேலை. 2021-ல் அறநிலையத்துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் கிடையாதுன்னு அரசு அறிவிச்சு, அந்தத் தொழிலாளர்களுக்கு மாசம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகைன்னு சொன்னப்போ, "மாசம் பொறந்தா வருதுல்ல, அது போதும்"ன்னு அவர் சொன்னாராம். களத்துமேட்டில் நின்னவங்களுக்கு மாசம் பொறந்தா வர்ற பணத்தோட அர்த்தம் வேற.

நான் இப்போ வச்சிருக்கிற கத்தி பத்தாயிரத்துக்கு மேல. என்னை மாதிரி ஆளுங்க உலகம் பூரா இதை ஹாபின்னு சொல்லி வாங்கிக்கிட்டு இருக்கோம். விலையைக் கேட்டு ஐயா சிரிக்கலை. "நல்ல எரும்புதான்"ன்னார். அப்புறம், "எம் பையன் இதைக் கத்துக்கல. பேரன் இன்ஜினியரிங் சேர்ந்துட்டான். நீங்க இன்ஜினியரிங் முடிச்சுட்டு வந்து கேக்குறீங்க"ன்னார். அதுக்கு நான் என்ன பதில் சொல்றது. வாரை இழுத்துப் பிடிச்சுக்கிட்டேன்.

மக்களே, ஒரு உதவி. கத்தி தீட்டுற வாருக்கும், கத்தியின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஐயா சொல்ற பேர்களை ஒரு நோட்டில் எழுதிக்கிட்டு வர்றேன். பாதி அகராதியில் இல்லை. உங்க ஊரில், நெல்லை, நாஞ்சில், கொங்கு, யாழ்ப்பாணம் எங்கேயா இருந்தாலும் சரி, அடைப்பத்துக்கும் அதுக்குள்ள இருக்கிற சாமான்களுக்கும் வேற பேர் இருந்தா பின்னூட்டத்தில் போட்டுட்டுப் போங்க. தெரியலைன்னா இந்த ஞாயித்துக்கிழமை உங்க தெரு சலூன் பெரியவரைக் கேட்டுட்டு வந்து போடுங்க. அவசரமில்லை, ஆனா ரொம்ப நாள் தள்ளிப்போடாதீங்க. எங்க ஐயாவுக்கே எழுபத்தி நாலு.